பிரேக்கம்மாவின் கெண்டைக்கால்

அந்த வாரம் முழுக்க மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும். உப்பு வேணுமா அத்தை? போதும்மா. கதவைப் பூட்டிட்டீங்களா? பூட்டிட்டேன். அவ்வளவுதான்.

ரவுண்டானாவில் பயிற்சி வண்டி நட்டநடுவே நின்றதையும், பின்னால் வந்த பஸ் மயிரிழையில் ஒடித்துத் திரும்பியதையும், பஸ் டிரைவர் இறங்கி வந்து ஸ்டியரிங்கில் இருந்த மருமகளை ஊர் பார்க்க வறுத்தெடுத்ததையும் போன வாரம் பார்த்தோம். அன்று வண்டியை நிறுத்தியது மருமகளின் கால் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த மாமியாரின் கால். அது அந்த மாமியாருக்கு மட்டும்தான் தெரியும்.

பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். அதனால்தான் பெற்றவர்கள் வைத்த பெயர் மறந்துபோய் எல்லோருக்கும் அவள் 'பிரேக்கம்மா' ஆனாள். ரவுண்டானாவில் அவளுடைய கெண்டைக்கால் சதை திடீரென்று கல்லாய்ச் சுருண்டது. பாதம் தன் போக்கில் பெடலைக் குத்தி அழுத்தியது. வலியில் கண் இருட்டிய நேரத்தில், "நான் என்ன பண்ணேன் அத்தை?" என்று மருமகள் கேட்டாள்.

"கிளட்சை யாரு இப்படி விடச் சொன்னது?" என்று பிரேக்கம்மாவின் வாய் முந்திக்கொண்டது.

வாயிலிருந்து வந்ததை அப்புறம் திரும்ப வாங்க முடியவில்லை. மருமகள் அன்றைக்கே, உயரத்துக்காக வைத்து உட்காரும் மெத்தையை வண்டியிலிருந்து எடுத்து வந்து சோபாவில் போட்டுவிட்டாள். "இனிமே எனக்கு இது வேண்டாம் அத்தை. என்னால யாராவது செத்துக்கித்து வெப்பாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை போல இருந்தது பிரேக்கம்மாவுக்கு.

இன்று காலை சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். மகன் இல்லை. அவன் கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் மின்சார வேலை பார்க்கிறவன். லீவு கிடைக்கும்போதுதான் வீட்டில் தலை காட்டுவான்.

பிரேக்கம்மாவின் கணவர் பல்செட் செய்கிறவர். பின்கட்டு அறைதான் அவருக்குப் பட்டறை. அலமாரி முழுக்க பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள் சிரித்துக்கொண்டிருக்கும். மருமகள் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் செவித்திறன் சோதிக்கிறவள். அவள் கல்யாணமாகி வந்த புதிதில், "பல்லு என் பொறுப்பு, காது உன் பொறுப்பு, கை கால் உன் அத்தை பொறுப்பு. கண்ணுக்கு ஒரு ஆள் கெடச்சா போதும், நம்ம வீட்டுலயே ஒரு முழு மனுஷனைச் செஞ்சு அனுப்பிடலாம்" என்று பல்லுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இன்றைக்கு அவரும் வாயைத் திறக்காமல் ரொட்டியை மென்றார். இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து மெல்லுவதே பெரிய வேலையாக இருந்தது அவருக்கு.

"நான் வண்டியைப் பார்க்கறேன். தபால் ஆபீஸ் பொண்ணு வகுப்புக்கு வர்ற நேரமாச்சு" என்று பிரேக்கம்மா எழுந்தாள்.

முதல் வகுப்புக்கு முன்னால் தன் இருக்கையில் உட்கார்ந்து தன் பக்கத்துப் பெடல்களை மிதித்துப் பார்ப்பது அவள் பழக்கம். கூடத்தை ஒட்டிய வண்டிக் கொட்டகைக்குப் போய் ஏறி உட்கார்ந்தாள். கிளட்சை மிதித்தாள், விட்டாள். பிரேக்கை மிதித்தாள்.

விட முடியவில்லை.

யாரோ முறுக்குக் கம்பியைச் செருகித் திருகுகிற மாதிரி கெண்டைக்காலில் வலி ஏறியது. கட்டைவிரல் கீழ்நோக்கி வளைந்து பெடலோடு பூட்டிக்கொண்டது. பிரேக்கம்மா பல்லைக் கடித்து, கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கத்தினால் உள்ளே கேட்கும். கத்தவில்லை.

அதே நேரம் மருமகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தாள். வண்டியின் பின்பக்கம் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. இரண்டு பிரேக் விளக்குகளும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. அணையவே இல்லை. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை.

அவள் மறுபக்கமாகச் சுற்றி வந்து கதவைத் திறந்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டாள்.

"இழுத்துக்குச்சா?"

பிரேக்கம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

இஸ்திரி போட்ட உடையோடு மருமகள் எண்ணெய்க் கறை படிந்த தரையில் மண்டியிட்டாள். பெடலிலிருந்து பாதத்தை மெல்ல விடுவித்து, காலை நீட்டி, விரல்களை மேல்நோக்கி வளைத்துப் பிடித்தாள். இன்னொரு கையால் கெண்டைச் சதையைக் கீழிருந்து மேலாக அழுத்தி நீவினாள். சதை கருங்கல்லாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, மனமில்லாமல், அது இளகியது.

விளக்குகள் அணைந்திருந்தன. மருமகள் திரும்பி அவற்றை ஒரு முறை பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள்.

"அன்னைக்கு ரவுண்டானாவுல?" என்றாள்.

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. பிரேக்கம்மாவுக்கே அது தெரிந்தது. ஆனால் தன் கால் அந்தப் பெண்ணின் கையில் இருக்கும்போது பொய் வரவில்லை.

"ஆமாம்மா" என்றாள். "நீ ஒண்ணும் பண்ணல. என் கால்தான்."

மருமகள் காலை விடவில்லை. நீவுகிற கை மட்டும் நின்றது.

"அந்த ஆளு என்னைத் திட்டினப்ப நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்க அத்தை."

"பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"ஏன்?"

"பயம்தான். இந்தக் காலை நம்பித்தான் எல்லாரும் தைரியமா உக்கார்றாங்க. அதுவே போச்சுன்னு வெளியில தெரிஞ்சா அப்புறம் எனக்கு என்ன வேலை? வாயில வந்ததைச் சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் உன் முகத்தைப் பார்க்கவே முடியல."

"எத்தனை நாளா இழுக்குது?"

"கொஞ்ச மாசமா. விடியக்காலையில வரும். பகல்ல வந்தது அன்னைக்குத்தான் முதல் தடவை."

இருக்கையில் கிடந்த பிரேக்கம்மாவின் போன் அடித்தது. மருமகள் எடுத்துக் கேட்டாள். தபால் ஆபீஸ் பெண். தெருமுனைக்கு வந்துவிட்டாளாம். மருமகள் போனை மாமியாரிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு வகுப்பு இல்லன்னு சொல்லுங்க. ஏன்னும் நீங்களே சொல்லுங்க."

பிரேக்கம்மா போனை வாங்கினாள். "இன்னைக்கு வேண்டாம்மா. எனக்குக் கால் சரியில்ல" என்றாள். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. மறுமுனையில் அந்தப் பெண், "உடம்பைப் பார்த்துக்குங்க டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிரேக்கம்மா கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா?

மருமகள் கடைக்கு லீவு சொன்னாள். "கோவம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க. அது அப்படியேதான் இருக்கு. கால் அது வரைக்கும் காத்திருக்காதில்ல, கிளம்புங்க" என்றாள்.

மூன்று பேரும் டாக்டரிடம் பஸ்ஸில்தான் போனார்கள். பல்லுக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் பிரேக்கம்மா அவருக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றாள். இரண்டாவது வகுப்பு முடிந்ததும், குடும்பம் வேண்டுமா ஓட்டுநர் உரிமம் வேண்டுமா என்று யோசித்துப் பார்த்து, அவர் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தார்.

டாக்டரம்மா சின்ன அறையில் பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். எதைச் சொன்னாலும் "ம், அப்புறம்?" என்று கேட்கிற ரகம்.

"கால் இழுக்குது. அப்புறம்?"

"சீக்கிரமா அலுப்பு வந்துடுது. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழறேன். நெஞ்சு சில சமயம் ஒரு துடிப்பைத் தாண்டிக் குதிக்கற மாதிரி இருக்கு."

"அப்புறம்?"

"இடது கண் இமை துடிக்குது. அது பாட்டுக்கு."

பல்லுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அது துடிப்பா?"

"வேற என்னன்னு நெனச்சீங்க?"

"நீ கண்ணடிக்கறேன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் தினமும் சலவைச் சட்டை போட்டுக்கிட்டுப் பட்டறையில உக்கார்றேன்."

டாக்டரம்மா கோப்பைப் புரட்டுகிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டார். மருமகள் அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள். சிரித்ததும் கோபம் ஞாபகம் வந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். மாத்திரையே தொடமாட்டேன்."

"வண்டியில, முன்னாடி பெட்டியில ஒரு பட்டை இருக்கே" என்றாள் மருமகள் ஜன்னலைப் பார்த்தபடியே. "நெஞ்செரிச்சலுக்கு."

"அட, அதையெல்லாமா மாத்திரைன்னு சொல்வாங்க? காலையில பல்லு விளக்கற மாதிரி அது."

"எத்தனை வருஷமா விளக்கறீங்க?" என்றார் டாக்டரம்மா.

பிரேக்கம்மா யோசித்தாள். முதல் முறை ஒரு டாக்டர் கொஞ்ச நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தார். அது தீர்ந்ததும் கடையில் தானே கேட்டு வாங்க ஆரம்பித்தாள். அப்போது மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். இப்போது அவனுக்கு மீசையில் ஒரு நரை இருக்கிறது.

சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கும் மருமகள்தான் பதில் சொன்னாள். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் வண்டியிலேயே ஒரு பன், ஒரு டீ. ராத்திரி பசிக்கலைன்னு பாதி. தன் தட்டை இவள் இவ்வளவு கவனித்திருக்கிறாள் என்பது பிரேக்கம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டி வரைபடம் எடுத்தார்கள். முடிவு வர மத்தியானம் தாண்டும் என்றார்கள். காத்திருப்பு அறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வண்டியில் உட்காருகிற அதே வரிசை. பல்லுக்காரர் எங்கோ போய் வறுத்த கடலைப் பொட்டலத்தோடு வந்தார். மருமகள் அதை வாங்கிப் பிரித்து மாமியாரின் மடியில் வைத்தாள்.

மறுபடி கூப்பிட்டபோது டாக்டரம்மாவின் கையில் முடிவு இருந்தது.

"மெக்னீசியம் குறைஞ்சிருக்கு" என்றார்.

பல்லுக்காரர் திடுக்கிட்டார். "ஸ்கூல்ல வாத்தியார் ஒரு வெள்ளை நாடாவைக் கொளுத்திக் காட்டுவாரே, கண்ணு கூசற மாதிரி எரியும். அந்த மெக்னீசியமா? அது இவளுக்கு எதுக்கு?"

"அதுவேதான். உங்க உடம்புலயும் இருக்கு. பயப்படாதீங்க, பத்திக்காது" என்றார் டாக்டரம்மா. "பாதிக்கு மேல எலும்புல இருக்கும். மீதி சதையில, நரம்புல. சாப்பிடறதைத் தெம்பா மாத்தறதுக்கு வேணும். நெஞ்சு ஒரு தாளத்துல துடிக்க வேணும். முக்கியமா, சுருங்கின சதை திரும்பத் தளர்றதுக்கு வேணும்."

"அப்ப மிதிச்ச பிரேக்கை விடறதுக்கு" என்றாள் பிரேக்கம்மா.

"அப்படியே வெச்சுக்கோங்க. சாப்பாட்டுலேர்ந்துதான் அது வரணும். நீங்க சாப்பிடறதே அரைகுறை. அதுக்கு மேல அந்த நெஞ்செரிச்சல் மாத்திரை. வருஷக்கணக்கா எடுத்துக்கிட்டா சிலருக்குக் குடல் மெக்னீசியத்தைச் சரியா உறிஞ்சாது. எல்லாருக்கும் ஆகாது. உங்களுக்கு ஆகியிருக்கு."

"இன்னைக்கே தூக்கிப் போட்டுடறேன்."

"போடாதீங்க. திடீர்னு விட்டா நெஞ்செரிச்சல் ரெண்டு மடங்கா வரும். வேற மாத்திரை தர்றேன், அதை நான் பார்த்துக்கறேன். கூடவே மெக்னீசியம் மாத்திரை கொஞ்ச நாளைக்கு. வயித்தைக் கலக்கினா சொல்லுங்க. சிறுநீரகம் நல்லா இருக்கு, அதனாலதான் தைரியமா எழுதறேன்."

"அப்படின்னா எனக்கும் ஒரு டப்பா எழுதிடுங்க டாக்டர்" என்றார் பல்லுக்காரர். "எனக்கும் முட்டி வலி."

"உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு உங்க கோப்புல பார்த்திருக்கேன். சிறுநீரகம் எப்படி இருக்குன்னு சோதிக்காம நீங்களா வாங்கிச் சாப்பிட்டா, அது பழுதாயிருந்தா மெக்னீசியம் போற வழியில்லாம உடம்புலயே தேங்கிடும். முட்டி வலின்னாலும் கால் இழுத்தாலும் எல்லாத்துக்கும் இதுதான் மருந்துன்னு இல்ல. இவங்களுக்கு இரத்தத்துல பார்த்தோம், குறைஞ்சிருந்துச்சு. உங்களுக்கு வேணும்னா கீரை சாப்பிடுங்க. பயறு, பருப்பு, தீட்டாத தானியம், பாதாம், கடலை, பூசணி விதை. அதுக்கு என் கையெழுத்து வேண்டாம்."

பல்லுக்காரர் அடங்கினார். டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"இன்னொண்ணு. அடுத்த இரத்தப் பரிசோதனை பார்த்து நான் சொல்ற வரைக்கும் அந்தப் பெடல் பக்கம் போகக் கூடாது."

பிரேக்கம்மா இதைத்தான் காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தபோது, நினைத்த அளவுக்கு இடி விழவில்லை. மருந்துக்கடை வரிசையில் நின்றபடியே ஒவ்வொரு மாணவருக்கும் தானே போன் செய்தாள். கால் இழுக்கிறது, மெக்னீசியம் குறைச்சல், சரியானதும் கூப்பிடுகிறேன். ஒரு தாத்தா, "எனக்கு அவசரமே இல்ல, நீங்க வந்தாத்தான் நான் ஓட்டுவேன்" என்றார். அவர் உரிமத் தேர்வில் தோற்றுத் தோற்றுப் பழகியவர்.

திரும்பும்போது சாயங்கால பஸ். கூட்டம் அதிகமில்லை. பல்லுக்காரர் முன் இருக்கையில் உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டார். பின்னால் இவர்கள் இரண்டு பேர். பஸ் ரவுண்டானாவுக்குள் நுழைந்து வளைந்தது.

பிரேக்கம்மா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

"இங்கதான். நல்லாக் கேட்டுக்கோ. நீ உள்ள வர்றதுக்கு முன்னாடி கண்ணாடி பார்த்தே. கியரை எறக்கினே. வலது பக்கம் வந்த லாரிக்கு வழி விட்டே. கிளட்சை நீ தப்பா விடவே இல்ல. என்கிட்ட கத்துக்கிட்டவங்கள்ல இந்த ரவுண்டானாவை இவ்வளவு நிதானமா எடுத்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். அன்னைக்கே அந்த டிரைவர் முன்னாடி இதைச் சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்பு. என்னை மன்னிச்சிடும்மா."

ரவுண்டானாவைப் பஸ் தாண்டும் வரை மருமகள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மருந்துப் பையை மாமியாரின் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வாரமா தூக்கமே இல்ல அத்தை" என்றாள். "கண்ணை மூடினா அந்த பஸ்ஸோட முகம்தான் வருது. இப்ப நீங்க சொன்னது சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா லேட்டாயிடுச்சு."

"எது லேட்டு?"

"எங்க கம்பெனியில ஒரு நடமாடும் வண்டி வாங்கியிருக்காங்க. ஊர் ஊராப் போய்க் காது சோதிக்கறதுக்கு. அந்த வண்டிக்குப் பொறுப்பா என்னைக் கேட்டாங்க. ஓட்டறதும் நானே, சோதிக்கறதும் நானே. உங்க மகன்கிட்ட சொன்னேன், ரொம்ப சந்தோஷப்பட்டார். உரிமம் கையில வந்ததும் உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லலாம்னு இருந்தேன்."

"சரி?"

"ரவுண்டானா நடந்த மறுநாள் மேனேஜர்கிட்ட போய் என்னால முடியாதுன்னு சொல்லிட்டேன். நான் வண்டி ஓட்ட லாயக்கில்லன்னு சொல்லிட்டேன். வேற ஆள் பார்க்கறாங்க. இன்னைக்கு முடிவு பண்றதாப் பேச்சு."

பிரேக்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் வாயிலிருந்து விழுந்த ஒரு வரி இந்தப் பெண்ணின் எவ்வளவு தூரத்தை அறுத்துப் போட்டிருக்கிறது.

"உங்க மேனேஜர் எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு?"

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம். விடுங்க அத்தை."

"அந்த ஆபீஸ் எந்த ஸ்டாப்?"

"இப்ப வரப்போறது. அத்தை, வேண்டாம். உங்க கால் இருக்கற நிலைமைக்கு..."

பிரேக்கம்மா அதற்குள் எழுந்துவிட்டாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கணவரின் தோளை உலுக்கினாள். மணியை அடித்தாள்.

"இது நம்ம ஸ்டாப் இல்லையே" என்றார் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"தெரியும். நீங்க வீட்டுக்குப் போய்க் கீரையை ஆய்ஞ்சு வைங்க. நாங்க வந்துடறோம்."

பஸ் நின்றது. மருமகள் முதலில் இறங்கித் திரும்பிக் கையை நீட்டினாள். பிரேக்கம்மா அந்தக் கையைப் பிடித்து, நோகும் காலை மெல்ல ஊன்றி இறங்கினாள். எதிரே இருந்த கட்டடத்தில் கீழ்த்தளக் கடை மூடியிருந்தது. மாடியில் ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு எரிந்தது.

"மேனேஜர் ரூம் அதுதான்" என்றாள் மருமகள். "லிஃப்ட் கிடையாது அத்தை."

"படி எந்தப் பக்கம்?" என்றாள் பிரேக்கம்மா.

அவர்கள் சாலையைக் கடப்பதற்குள் அந்தக் கட்டடத்தின் வாசலில் ஓர் இளைஞன் கையில் கம்பெனிப் பெயர் போட்ட புது வண்டிச் சாவியைச் சுழற்றியபடி வெளியே வந்தான்.